வெறிச்சோடிய வீதியில் ஒரு சைக்கிள்

சென்ற மாதம் கனடாவின் ரொறன்ரோ நகரிலிருந்து ஓர் இளைஞர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பெற்றோர் திருகோணமலை மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அவர் பிறந்ததும் வளர்ந்ததும் கனடாவில். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் சைக்கிளை எடுத்துக்கொண்டு மலைகளுக்கும் கடற்கரைகளுக்கும் போய்விடுவாராம். ஐரோப்பாவில் கைவிடப்பட்ட புகையிரதத் தடங்களைச் சைக்கிள் பாதைகளாக மாற்றியிருக்கிறார்கள் என்றும், மோட்டார் வாகனம் ஒன்றைக்கூடக் காணாமல் நாட்கணக்கில் அவற்றில் சென்றிருப்பதாகவும் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு தந்தையின் ஊரான தம்பலகாமத்துக்கு வர எண்ணியிருக்கிறார். கடிதத்தின் முடிவில் ஒரு கேள்வி: “ஐயா, உங்கள் பக்கத்தில் வாகனங்களே இல்லாத வீதிகள் இருக்கின்றனவா?”

இரண்டு வரியில் பதில் எழுதிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. ‘வாகனங்களே இல்லாத வீதி’ என்ற சொற்கள் என்னை மறித்தன. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பத்திரிகைத் தொழில் பார்த்தவன் நான். அதே பொருளில் ஒரு வாக்கியத்தை எத்தனை நூறு தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ‘வீதிகள் வெறிச்சோடிக் காணப்பட்டன.’ ஹர்த்தால் என்றால் அந்த வாக்கியம். ஊரடங்கு என்றால் அந்த வாக்கியம். சுற்றிவளைப்புக்கு மறுநாளும் அதே வாக்கியம். அந்த இளைஞர் தேடி வரும் அமைதியும் நாங்கள் அஞ்சி ஒடுங்கிய அமைதியும் ஒரே வீதியைச் சேர்ந்தவை. ஆகவே அவருக்கான பதில் இந்தக் கட்டுரையாக நீண்டுவிட்டது.

தம்பலகாமத்தை அறியாத வாசகர்களுக்காக முதலில் ஊரைச் சொல்லிவிடுகிறேன். திருகோணமலை நகரிலிருந்து கண்டி வீதியில் தென்மேற்காக இருபது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகச் சென்றால் வருவது தம்பலகாமம். ஒருபுறம் கந்தளாய்க் குளத்து நீரில் விளையும் பரந்த வயல்வெளி. மறுபுறம் திருகோணமலைத் துறைமுகத்தோடு இணைந்த தம்பலகாமக் குடா. அந்தக் குடாவில் விளைந்த, கண்ணாடி போன்று மெல்லிய ஓட்டையுடைய சிப்பியை 1850களில் டாக்டர் கெலார்ட் என்ற அறிஞர் ஆராய்ந்திருக்கிறார். அவ்வகைச் சிப்பியின் ஓட்டைத்தான் கோவா போன்ற இடங்களில் சாளரங்களுக்குக் கண்ணாடியாகப் பொருத்தினார்கள். வயலின் நடுவே ஆதிகோணநாயகர் கோயில். 1620களில் போர்த்துக்கேயர் திருக்கோணேச்சரத்தை இடித்தபோது, அடியார்கள் திருவுருவங்களை மறைத்து எடுத்துச் சென்று காட்டில் பாதுகாத்தார்கள் என்றும், பின்னர் அவற்றுக்குத் தம்பலகாமத்தில் கோயில் எழுந்தது என்றும் ஊர் மரபு கூறுகிறது. நெருக்கடி வந்தபோது எதை எடுத்துக்கொண்டு எந்த வழியாகப் போவது என்ற கேள்வி இவ்வூருக்குப் பழையது.

இந்த ஊருக்குச் சைக்கிள் எந்த ஆண்டு வந்தது என்று எந்த ஆவணமும் குறித்து வைக்கவில்லை. அது உலகில் பிறந்த கதையை மட்டும் சுருக்கமாகச் சொல்லலாம். இன்று நாம் காணும் வடிவிலான, இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவான சைக்கிளை 1885ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஜோன் கெம்ப் ஸ்ரார்லி என்பவர் ‘ரோவர்’ என்ற பெயரில் வெளியிட்டார். 1888ஆம் ஆண்டு பெல்பாஸ்ற் நகரில் வாழ்ந்த டன்லொப் என்ற கால்நடை வைத்தியர் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்னரே, 1876இல், இலண்டன் கியூ தாவரவியல் பூங்காவிலிருந்து இறப்பர் கன்றுகள் இலங்கைக்கு வந்து, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடவில் நடப்பட்டிருந்தன. ஆசியாவின் முன்னோடி இறப்பர்த் தோட்டங்களில் ஒன்று அது. சைக்கிள் நமக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பொருள் என்றாலும், அதன் டயருக்கான மரம் அதற்கு முன்னரே நம் மண்ணில் வேர்விட்டிருந்தது.

உல்லாசத்துக்காகச் சைக்கிளில் நெடுந்தூரம் செல்வோரும் நமக்குப் புதியவர்களல்லர். அமெரிக்கரான பானி புல்லக் வேர்க்மன் என்ற பெண்மணியும் அவர் கணவர் வில்லியம் ஹன்ரர் வேர்க்மனும் 1897ஆம் ஆண்டு தொடங்கிய நீண்ட பயணத்தில் இலங்கையையும் இந்தியாவையும் சைக்கிளில் சுற்றினார்கள். தென்முனையிலிருந்து இமயமலை அடிவாரம் வரை சென்ற அவர்கள், அந்த அனுபவங்களை 1904ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்கள். தேயிலை, சீனி, பிஸ்கட், ஆளுக்கொரு போர்வை, ஒட்டுப்போடும் கருவிகள், இவ்வளவுதான் மூட்டை. சில நாட்களில் நாற்பது தடவை வரை டயரில் காற்றுப் போயிற்றாம். அவர்கள் சென்ற காலத்தில் இங்கே மோட்டார் வண்டி என்ற ஒன்றே பெரும்பாலும் இல்லை. வாகனமற்ற வீதியில் போகிறோம் என்று அவர்கள் பெருமை கொள்ள இடமில்லை. எல்லா வீதியும் அப்படித்தான் இருந்தது.

திருகோணமலை மாவட்டத்தில் சைக்கிள் ஊன்றிக்கொண்டதற்கு நில அமைப்பு ஒரு காரணம். மேற்கே காடும் குன்றுகளும்; கிழக்கே குடாக்களும் களப்புகளும் மகாவலி கங்கையின் கழிமுகங்களும். 1927ஆம் ஆண்டு கல்லோயாச் சந்தியிலிருந்து கந்தளாய், தம்பலகாமம், சீனன்குடா வழியாகத் திருகோணமலைக்குப் புகையிரதம் வந்தது. ஆனால் புகையிரதம் நின்ற இடத்திலிருந்து வயலுக்கும், வயலிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து துறைக்கும் போவது அவரவர் பாடு. அந்த இடைவெளியை நிரப்பியது சைக்கிள். மைலுக்கு ‘கட்டை’ என்பது எங்கள் வழக்கு. வீதியோரத்து மைல்கற்களின் எண்களே இன்றும் பல இடங்களுக்கு ஊர்ப்பெயர். ஒருவர் எத்தனை கட்டை சைக்கிள் மிதிப்பார் என்பதை வைத்து அவருடைய தொழிலைச் சொல்லிவிடலாம்.

கிழக்கில் இன்னொரு சொல்லும் உண்டு. ‘பாதை’ என்றால் மற்றப் பகுதித் தமிழருக்கு நடக்கும் வழி. எங்களுக்கு அது ஆற்றையும் களப்பையும் கடக்கும் மிதவையின் பெயர். ‘பாதை வந்துவிட்டதா?’ என்று துறையில் நிற்பவர் கேட்டால், மறுகரையிலிருந்து மிதவை வந்துவிட்டதா என்று பொருள். கிண்ணியாவுக்குப் போக வேண்டுமானால் பாதை ஏற வேண்டும். அப்பால் மூதூர், வெருகல் என்று தெற்கே மட்டக்களப்புக்குச் செல்பவர் அடுத்தடுத்துப் பல பாதைகள் ஏற வேண்டும். வாகனங்கள் துறையில் வரிசையாகக் காத்துக் கிடக்க, சைக்கிள்காரர் இடுக்கில் நுழைந்து முதலில் ஏறிவிடுவார். மறுகரையில் முதலில் இறங்கியும் விடுவார்.

அரச பத்திரங்களிலும் பொலிஸ் முறைப்பாடுகளிலும் அதற்குப் பெயர் ‘துவிச்சக்கர வண்டி’. பின்னாளில் தனித்தமிழ் ஆர்வலர்கள் ‘ஈருருளி’ என்றார்கள். தமிழகத்தார் ‘மிதிவண்டி’ என்றார்கள். ஊரில் அது எப்போதும் சைக்கிள்தான். உள்ளூராட்சி மன்றங்கள் ஆண்டுதோறும் அதற்கு வரி வாங்கித் தகடு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இரவில் விளக்கில்லாமல் போனாலும், பாரில் ஆள் ஏற்றினாலும் தண்டம். என் சிறு வயதில் விடியற்காலையில் கிண்ணியாப் பக்கத்திலிருந்து மீன் பெட்டியைக் கரியரில் கட்டிக்கொண்டு வரும் நானாவின் மணியோசையைக் கேட்டுத்தான் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள். நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, விறகுக் கட்டு, பிரசவத்துக்குச் செல்லும் பெண் என்று ஊரின் பாரம் முழுவதையும் அந்த இரண்டு சக்கரங்கள் சுமந்தன.

அடுத்ததாக 1942ஆம் ஆண்டுக்கு வருகிறேன். உலக வரலாற்று நூல்கள் திருகோணமலையைக் குறிப்பிடுவது பெரும்பாலும் அந்த ஆண்டின் பொருட்டே. 1941 டிசம்பர் 8ஆம் திகதி மலாயாவில் இறங்கிய ஜப்பானியப் படை, எழுபது நாட்களில் சிங்கப்பூரைப் பிடித்தது. அந்த வேகத்துக்கு ஒரு காரணம் சைக்கிள். ஆயிரக்கணக்கான வீரர்கள் தோட்டத்து வீதிகளிலும் காட்டுத் தடங்களிலும் சைக்கிளில் முன்னேறினார்கள். ஆறு குறுக்கிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெப்பத்தில் டயர்கள் வெடித்தபின் வெறும் வளையங்களிலேயே ஓட்டினார்கள் என்றும், இரவில் அந்தச் சத்தத்தைக் கேட்டு எதிரிகள் தாங்கிகள் வருவதாக மிரண்டார்கள் என்றும் கூறுவர். அந்த வீதிகளின் ஓரத்துத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பெரும் பகுதியினர் தமிழர்கள் என்பதை நாம் மறக்கக் கூடாது.

சிங்கப்பூர் வீழ்ந்ததும் பிரித்தானியக் கடற்படைக்குத் திருகோணமலை முன்னரங்கமாயிற்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடாவையும் தாக்கின. அன்றைய தினமே ‘ஹெர்மிஸ்’ என்ற விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. சீனன்குடாக் காட்டுக்குள் பிரித்தானியர் கட்டியிருந்த மாபெரும் எண்ணெய்க் குதங்களில் ஒன்று தாக்குதலில் எரிந்தது. தொண்ணூற்றொன்பது குதங்கள் இன்றும் நிற்கின்றன. ஒவ்வொன்றும் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் கொள்ளக்கூடியது. தம்பலகாமத்திலிருந்து பட்டணத்துக்குச் சைக்கிளில் போகிறவர்கள் பல தலைமுறைகளாக அந்தச் சுற்றுவட்டத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். குதங்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் மறுபடியும் பேச வேண்டியிருக்கும்.

நான் செய்தியாளனாகத் தம்பலகாம வீதியில் சைக்கிள் மிதித்த நாட்களில் மறக்க முடியாதவை 1986ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்து நாட்கள். அம்மாதம் 20ஆம் திகதி அதிகாலை மூன்று மணியளவில் கந்தளாய்க் குளத்தின் அணை உடைந்தது. குளக்கோட்டன் கட்டியது என்று தமிழ் மரபும், ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி கட்டியது என்று சிங்கள மரபும் உரிமை பாராட்டும் குளம் அது. உறக்கத்தில் கிடந்தவர்களை வெள்ளம் இன, மத வேறுபாடு பார்க்காமல் கொண்டுபோயிற்று. நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அணைக்கட்டின் மீது அளவுக்கு மிஞ்சிய பாரமுடைய வாகனங்கள் ஓடியது உடைப்புக்கு முக்கியமான காரணங்களில் ஒன்றாகப் பின்னர் சொல்லப்பட்டது.

வாகனம் எதுவும் அந்தப் பக்கம் போக மறுத்ததால் நான் சைக்கிளில் புறப்பட்டேன். தம்பலகாமத்தைத் தாண்டியதும் சேறு. பத்தடிக்கு ஒரு தடவை சக்கரத்துக்கும் மட்காட்டுக்கும் இடையில் களி அடைத்துக்கொள்ளும். தடியால் கிண்டி எடுத்துவிட்டு உருட்ட வேண்டும். எதிரே ஒருவர் சைக்கிளின் இரு புறமும் தண்ணீர்க் கான்களைத் தொங்கவிட்டு உருட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் கரியரில் வயதான பெண் ஒருவரை உட்கார வைத்து, அவர் விழாமல் ஒரு கையால் பிடித்தபடி வந்தார். அன்று இரவு நான் அனுப்பிய செய்தியில் இறந்தோர் தொகையும், அழிந்த ஏக்கரும், அமைச்சர்களின் வருகையும் இருந்தன. அந்த இரண்டு சைக்கிள்காரர்களும் இல்லை.

அதற்குப் பின்னர் வந்தவை வீதி வெறிச்சோடிய ஆண்டுகள். 1987 ஏப்ரல் 17ஆம் திகதி ஹபரணைக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட வீதியில், அளுத் ஓயாவில், விடுதலைப் புலிகள் வாகனங்களை மறித்து நூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள். இறந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் சிங்களவர். 1998 பெப்ரவரி 1ஆம் திகதி தம்பலகாமத்திலேயே சிறுவர்கள் உட்பட எட்டுத் தமிழர்கள் பொலிஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஒரே கண்டி வீதி. சிங்களப் பயணிக்கும் அது அச்சம், தமிழ்ப் பயணிக்கும் அது அச்சம், முஸ்லிம் வியாபாரிக்கும் அது அச்சம். மாலை நான்கு மணியானால் மோட்டார் வண்டிகள் அற்றுப்போகும். பறவைகளின் குரல் கேட்கும். வயலில் நீர் பாயும் ஒலிகூடக் கேட்கும். இன்றைய சைக்கிள் உலாவினர் பணம் செலவழித்துத் தேடும் அத்தனையும் அன்று எங்களிடம் இருந்தன. ஆனால் ஒருவரும் அவற்றைக் கேட்கும் நிலையில் இல்லை.

அப்போதும் சைக்கிள் ஓடியது. வயலுக்குத் தண்ணீர் திறக்க வேண்டும். பிள்ளைக்கு மருந்து வாங்க வேண்டும். பரீட்சைக்குப் போக வேண்டும். சோதனைச் சாவடிக்குத் தொலைவிலேயே இறங்க வேண்டும். உருட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். ஏறக்கூடிய எல்லை வந்த பின்னரே ஏற வேண்டும். சைக்கிளில் குண்டு வைக்கப்பட்ட சம்பவங்களுக்குப் பின்னர், கடைவாசலில் நிறுத்திவைத்த சைக்கிளும் சந்தேகத்துக்கு ஆளாயிற்று. எவருடையது என்று தெரியாத சைக்கிளைக் கண்டு தெருவே ஒதுங்கி நின்ற காட்சியை நான் பார்த்திருக்கிறேன். ஏழையின் வாகனத்தைக் கண்டு ஏழைகளே அஞ்சிய காலம் அது.

வடக்கே யாழ்ப்பாணத்தில் நிலைமை இன்னும் கடுமை. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபோது எரிபொருள், மின்கலம் முதலிய பொருட்களுக்கு அரசாங்கம் தடை விதித்தது. பழைய கார்களை ஒரு சிறங்கை பெற்றோலில் உசுப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மற்றெல்லாவற்றுக்கும் சைக்கிள்தான். சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். ஆனையிறவுப் பாதை மூடப்பட்டபோது கொம்படி, ஊரியான் வழியாக உப்புநீரில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக் கடந்தார்கள். 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, இலட்சக்கணக்கான மக்களிடையே மிதிக்க வழியின்றி உருட்டப்பட்ட சைக்கிள்கள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை.

இதே காலத்தில் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் வேறொரு சைக்கிள் வரலாறு எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தில், கிராமத்துப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். கல்லுடைக்கும் பெண்களும் விவசாயக் கூலிப் பெண்களும் எவரையும் எதிர்பாராமல் சந்தைக்கும் பள்ளிக்கும் போய்வந்தார்கள். பி. சாய்நாத் என்ற பத்திரிகையாளர் அங்கே சென்று, பார்த்து, அந்தப் பெண்களின் வார்த்தைகளைக் கேட்டு எழுதினார். அதனால் உலகம் அதை அறிந்தது.

எங்கள் பெண்களும் அப்போது சைக்கிள் ஓட்டினார்கள். கணவன் பிடிபட்டபின், அண்ணன் காணாமற்போனபின், ஆண்கள் வெளியே போவது ஆபத்து என்று ஆனபின், சைக்கிள் அவர்கள் கைக்கு வந்தது. அதை எழுதியிருக்க வேண்டியவர்களில் நானும் ஒருவன். நான் என்ன எழுதினேன்? ஒரு ஹர்த்தால் நாளில் நகரத்திலிருந்து தம்பலகாமச் சந்தி வரை சைக்கிளில் சென்று நிலைமையைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். தொலைபேசியில் ஆசிரியபீடத்தில் கேட்டார்கள்: “வீதி எப்படி?” நான் சொன்னேன்: “வெறிச்சோடிக் கிடக்கிறது.” அவ்வாறே மறுநாள் அச்சாயிற்று. வழியில் எனக்கு எதிரே, முன்பாரில் குழந்தையும் கரியரில் அரிசிப் பையுமாக ஒரு பெண் மிதித்து வந்ததைப் பார்த்தேன். “தம்பி, முன்னுக்கு மறிக்கிறாங்களோ?” என்று அவர் கேட்டதற்குப் பதிலும் சொன்னேன். அப்படியிருந்தும் வீதியில் எவரும் இல்லை என்றே எழுதினேன். மோட்டார் வாகனம் இல்லாவிட்டால் வீதியில் ஆளில்லை என்று கருதும் பழக்கம் எங்கள் தொழிலில் அவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது. அந்தச் செய்தியைப் பார்க்க வந்த நானும் சைக்கிளில்தான் வந்திருந்தேன் என்பது பல ஆண்டுகளுக்குப் பிறகே எனக்கு உறைத்தது.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தில் வீதிகள் திறந்தன. 2006ஆம் ஆண்டு மாவிலாற்று நீர்ப்பிணக்கோடு எங்கள் மாவட்டத்தில் மீண்டும் போர் மூண்டது. மூதூர் மக்கள் கையில் கிடைத்ததோடு கந்தளாய்க்கு ஓடி வந்தார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தது. அதே ஆண்டு ஒக்ரோபரில் சவூதி உதவியுடன் கட்டிய கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 396 மீற்றர். 2011ஆம் ஆண்டளவில் மூதூருக்கு அப்பாலும் பாலங்கள் எழுந்து, திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குப் பாதை ஏறாமலே போக வழி பிறந்தது. மக்கள் நீண்ட காலம் கேட்டுப் பெற்ற பாலங்கள் அவை. பாதை மறைந்ததற்காகக் கண்ணீர் விடுவது வசதியாக வாழ்பவனின் பொழுதுபோக்கு. குறிஞ்சாக்கேணியில் பாலவேலை முடியாதிருந்த நிலையில் 2021 நவம்பர் 23ஆம் திகதி மிதவை கவிழ்ந்து, பள்ளிக்குச் சென்ற சிறு பிள்ளைகள் உட்படச் சிலர் இறந்தார்கள் என்பதை நினைவிற் கொண்டால், அந்த ஏக்கம் எழாது.

பாலங்களோடு வாகனங்களும் வந்தன. தவணை முறையில் மோட்டார் சைக்கிளும் முச்சக்கர வண்டியும் வீடு தோறும் வந்தன. வீதி அகன்றது, வேகம் கூடிற்று, சைக்கிள்காரர் வீதியின் ஓரத்துக்கும், பின்னர் கட்டுக்கடங்காத புழுதிக்கும் தள்ளப்பட்டார். பழைய சைக்கிள்கள் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்தன.

2022ஆம் ஆண்டில் அவற்றுக்கு மறுபடியும் எண்ணெய் போடப்பட்டது. அந்த ஆண்டு ஜனவரி 6ஆம் திகதி, சீனன்குடாவின் தொண்ணூற்றொன்பது குதங்களைப் பிரித்துப் பயன்படுத்தும் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின: பதினான்கு இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கு, இருபத்துநான்கு இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, அறுபத்தொன்று இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஆறு மாதம் கழிவதற்குள் நாட்டில் எரிபொருள் இல்லை. ஜூன் இறுதியில் அத்தியாவசியச் சேவைகள் தவிர மற்றெவருக்கும் எரிபொருள் விற்பனை நிறுத்தப்பட்டது. வீதிகள் மீண்டும் வெறிச்சோடின. வங்கி அலுவலரும் ஆசிரியரும் பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்தார்கள். சைக்கிள் விலை பல மடங்கு ஏறிற்று. ஏறத்தாழப் பத்து இலட்சம் தொன் எண்ணெய் கொள்ளக்கூடிய குதங்கள் நிற்கும் சீனன்குடாவைத் தாண்டி, ஒரு போத்தல் பெற்றோலுக்கு வழியில்லாத மக்கள் சைக்கிளில் வேலைக்குப் போனார்கள். இந்த முறை இளைய செய்தியாளர்கள் சைக்கிள்காரர்களைப் படம் பிடித்தார்கள், பேட்டி கண்டார்கள். மகிழ்ந்தேன். எங்கள் தலைமுறை செய்யத் தவறியது அது.

இனி ரொறன்ரோ இளைஞருக்கான பதில். ஆம் தம்பி, நீங்கள் கேட்கும் வீதிகள் இருக்கின்றன. கண்டி வீதியிலிருந்து விலகி வயல்களுக்குள் இறங்கும் வாய்க்கால் வீதிகளில் காலை வேளையில் மணிக்கணக்காக மோட்டார் சத்தம் கேளாமல் போகலாம். வெருகலுக்குத் தெற்கே கதிரவெளி, வாகரைப் பக்கத்துக் கடற்கரையோரமும் அமைதியானது. வைகாசிக்குப் பின் மேற்கிலிருந்து கச்சான் காற்று நெருப்பாக வீசும். கந்தளாயிலிருந்து கடலை நோக்கி வருவதானால் அது உங்கள் முதுகைத் தள்ளிக்கொடுக்கும், திரும்பிப் போகும்போது பழி வாங்கும். கார்த்திகை, மார்கழி மழையில் வயல் வீதிகளை நம்பாதீர்கள். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானைகள் வீதியைக் கடக்கும். பொழுது சாயுமுன் ஊர் சேர்ந்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. வழியில் அறுபது வயதைத் தாண்டிய ஒருவர் பழைய சைக்கிளில் எதிர்ப்பட்டால் நின்று பேசுங்கள். அந்தச் சைக்கிளில் எதையெல்லாம் ஏற்றினார், யாரையெல்லாம் ஏற்றினார், எந்தெந்த இடத்தில் இறங்கி உருட்டினார் என்று கேளுங்கள். துறைமுகத்தைப் பற்றியும் கடற்படைத் தளபதிகளைப் பற்றியும் நூலகம் நிறைய நூல்கள் இருக்கின்றன. இவர்களைப் பற்றி இல்லை. இவ்வரிகளை வாசிக்கும் மற்ற நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்: உங்கள் வீட்டில் பழைய சைக்கிள் வரித்தகடோ, சைக்கிளோடு எடுத்த ஒரு படமோ, அப்பாவோ அம்மாவோ சொன்ன ஒரு பயணக் கதையோ இருந்தால் ஆண்டையும் இடத்தையும் குறித்து எழுதி வையுங்கள்.

கிண்ணியாப் பாலத்தை அடைந்ததும், தம்பி, ஏறுமுன் ஒரு நிமிடம் இறங்கி நில்லுங்கள். பழைய பாதைத் துறை எங்கே இருந்தது என்று கரையில் நிற்கும் யாரையாவது கேளுங்கள். கைகாட்டிச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.